காக்கைக்கு முதல் பந்தி

"அம்மா, கன்சல்டிங் வேலை நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

தோள் பையைக்கூட இறக்காமல் கேட்டாள் சாருலதா. ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஆசிரமம் நடத்தும் நீலவேணி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நீயே சொல்லேன்."

கேட்க வேண்டுமா! சாருவுக்கு வாய் ஓயவில்லை. சிமெண்ட் ஆலை, ஆஸ்பத்திரி, பஸ் கம்பெனி என்று மூன்று மாதத்துக்கு ஒரு புது உலகம். போகிற இடமெல்லாம் முதலாளிகள் அவள் யோசனைக்குக் காத்திருந்தார்கள். அவள் வயதில் வேறு யாருக்கு இது கிடைக்கும்?

"கெட்டது?"

"தூக்கம் இல்ல, நல்ல சாப்பாடு இல்ல. அதை விடுங்கம்மா!" குரல் துள்ளியது. "இப்ப பதவி உயர்வு தர்றாங்க. அடுத்தது ஒரு விமான நிலையம்! அதே நேரம், போன மாசம் யோசனை சொன்னேனே ஓசூர் பிஸ்கட் கம்பெனி, அவங்க 'நீங்களே வந்து செஞ்சு காட்டுங்க'ன்னு வேலைக்குக் கூப்பிடறாங்க. இன்னைக்கே பதில் சொல்லணும். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பணும்."

"நீ யோசனை சொன்ன இடமெல்லாம் இப்ப எப்படி இருக்கு?"

"யாருக்குத் தெரியும்? அறிக்கையைக் கொடுத்துட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவோம். அதுதானே எங்க வழக்கம்."

அம்மா எழுந்தார். "வா, சாப்பிடலாம்."

சாப்பாட்டுக் கொட்டகையில் சாரு அப்படியே நின்றுவிட்டாள். எல்லா இலையிலும் சோறு, பொரியல், அப்பளம் பரிமாறி இருந்தது. பந்தியில் ஒரு ஆள் இல்லை. மூன்று பேர் கம்பைச் சுழற்றிக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஒன்று அப்பளத்தோடு பறந்தே விட்டது.

"என்ன கூத்தும்மா இது?"

"போன தடவை நீ சொன்ன யோசனைதான். ஆள் உட்காரும் முன்னாடியே பரிமாறிட்டா நேரம் மிச்சம், பரிமாற அஞ்சு பேருக்குப் பதிலா ரெண்டு பேர் போதும்னியே."

"மத்த மூணு பேர்?"

அம்மா கம்புகளைக் காட்டினார்.

சாருவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அப்பவே மாத்தியிருக்கலாமே?"

"சொன்னவ ஒரு தடவை பார்க்கட்டும்னு விட்டு வச்சோம்."

வெட்கம் ஒரு நொடிதான். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

"கம்பைப் போடுங்கண்ணா! மணி அடிங்க! முதல்ல எல்லாரும் உட்காரட்டும். சாம்பார் இந்தப் பக்கமிருந்து, ரசம் அந்தப் பக்கமிருந்து!"

வாளியைத் தூக்கிக்கொண்டு அவளே ஓடினாள். எதிரே ரச வாளியோடு வந்தவர் நடுப்பந்தியில் அவள்மேல் மோதினார். பாதி ரசம் அவள்மேல். கடைசி இலைகளுக்குப் போகும் முன்பே சாம்பார் தீர்ந்துவிட்டது. ரசம் மட்டும் கிடைத்தவர்கள் கத்தினார்கள், மற்றவர்கள் சிரித்தார்கள். சாருவும் விழுந்து விழுந்து சிரித்தாள். எந்த ஆலையிலும் அவள் இத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை.

கொட்டகை ஓரத்தில் அவள் போட்டிருந்த பையில் போன் அடித்தது. அம்மா எடுத்து நீட்டினார்.

"உன் கம்பெனிதான்."

"கையெல்லாம் ரசம்மா. அப்புறம் பேசறேன்."

"பஸ்ஸுக்கு நேரமாகலையா?"

"எப்படிம்மா கிளம்புவேன்? நாளைக்கு ரெண்டு வாளியும் ஒரே பக்கமிருந்து விட்டுப் பார்க்கணும். சரியா வருதான்னு நான் பார்க்க வேண்டாமா?"

அம்மா போனைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

சாரு காலி வாளியை மெல்லக் கீழே வைத்தாள். ரசக் கையைத் துப்பட்டாவிலேயே துடைத்தாள்.

"அம்மா, அந்த போனைக் கொடுங்க. ஓசூருக்குப் பேசணும்."