மல்லிகைக் கட்டை

"எல்லாம் அரிசி மாவுதான், தாயி. ஒரு சிட்டிகை கோதுமை சேக்கல. பிறகு ஏன் அவளுக்கு வலிக்குது?" என்று கேட்டார் ஆசீர்வாதம்.

பெர்சிஸ் கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கையைக் கழுவிட்டு வாங்க, மாஸ்டர்."

மாஸ்டர் என்றால் சும்மா மாஸ்டர் இல்லை. பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் ஆசீர்வாதத்தின் வெண்ணெய் பிஸ்கட்டுக்கு நிற்கும் கூட்டம் தெருமுனையைத் தாண்டும். ஒவ்வொரு பிஸ்கட்டிலும் மல்லிகை பூத்திருக்கும். அதற்கென்றே ஒரு கட்டை வைத்திருந்தார். பார்க்கச் சப்பாத்திக் கட்டைதான், ஆனால் உடம்பு முழுக்கக் கொடியும் பூவுமாகச் செதுக்கியது. மாவின் மேல் உருட்டினால் போதும், பூ விழுந்துவிடும். அப்படிப்பட்ட மனுஷரை, மகள் வயசுப் பெண் ஒருத்தி வாசலில் நிறுத்திக் கையைக் கழுவச் சொல்கிறாள்.

போய்க் கழுவிவிட்டு வந்தார்.

"இன்னொரு தடவை. நகத்துக்குள்ளேயும்."

மலைத் தண்ணீர் விரலை வெட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினார்.

"சட்டையை மாத்திக்கோங்க. கொடியில ஒண்ணு காயுது. அந்தக் கட்டை வெளியவே இருக்கட்டும்."

துண்டில் சுற்றி மார்போடு அணைத்து வைத்திருந்த மல்லிகைக் கட்டையை ஆசீர்வாதம் இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"இது இல்லாம உள்ள வர்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?"

"எதுக்கு வந்தீங்க?"

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வாயைத் திறந்தார். பின்னால் யாரோ இருமினார்கள். திரும்பிப் பார்த்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அவளுக்காக" என்றார்.

முற்றத்து வெந்நீர் அடுப்பு ஓரமாக, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவர் மனைவி சலேத் உட்கார்ந்திருந்தாள்.

சலேத்துக்குக் கோதுமை ஆகாது என்று போன வருஷம்தான் தெரிந்தது. துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊருக்கே மைதாவில் பிஸ்கட் சுடுகிறவன் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு சீக்கு! ஆசீர்வாதம் அசரவில்லை. புதுப் பாத்திரம் வாங்கினார். அரிசியைக் கழுவிக் காயவைத்து வீட்டிலேயே அரைத்தார். கடை அடுப்பு வேண்டாமென்று வீட்டில் சுட்டார். மல்லிகை பூத்த பிஸ்கட்டை அவள் கையில் வைத்தார். பாதி உடைந்துதான் இருந்தது. சலேத் சிரித்துக்கொண்டே தின்றாள். நல்லாயிருக்கு என்றாள். வாராவாரம் தின்றாள். வாராவாரம் இளைத்தாள்.

ஒரு மத்தியானம் கொல்லைப் பக்கம் போனவர், கிணற்றுச் சுவரைப் பிடித்தபடி அவள் வயிற்றை அமுக்கிக்கொண்டு குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டார். காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஒண்ணுமில்ல. முதுகு பிடிச்சுக்கிட்டு."

பாவி மனுஷனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மனசு நோகக் கூடாதென்று இவள் வலியையும் சேர்த்து விழுங்கியிருக்கிறாள். இனியும் அப்படித்தான். அவர் எதைக் கொடுத்தாலும் தின்பாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அப்படியென்றால், அவர் கொடுப்பது இனி ஒரு தடவைகூடத் தப்பாக இருக்கக் கூடாது. அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை.

கொடைக்கானலுக்கும் மேலே, பஸ் போய்த் திரும்பும் கடைசி ஊரில் பெர்சிஸ் என்று ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கும் கோதுமை ஆகாது, அவள் சுடுவதை அவளைப் போன்ற நோயாளிகள் கண்ணை மூடிக்கொண்டு தின்கிறார்கள், போய்க் கேளுங்கள் என்று டாக்டர்தான் அனுப்பிவைத்தார்.

கட்டையை வெளியே ஒரு கல்லின் மேல் வைத்தார் ஆசீர்வாதம். சட்டையை மாற்றினார். கதவு முழுசாகத் திறந்தது.

உள்ளே காலை வைத்ததும் அவருக்கு மூச்சு ஒரு கணம் நின்றது. பேக்கரியில் மைதா வாசனை இல்லை. பிறந்த நாளிலிருந்து மூக்கோடு இருந்த வாசனை அது. வெண்ணெயும் அரிசியும் மட்டும் மணந்தன. கோயிலுக்குள் வந்தவர் போலத் தானாகவே குரல் இறங்கிவிட்டது.

"என்ன செய்யணும், தாயி?"

"பிசையுங்க."

அரிசி மாவு, பொடித்த சர்க்கரை, வெண்ணெய். அவ்வளவுதான். ஆசீர்வாதம் கையை மடக்கி ஒரு குத்து விட்டார். மாவு நாலா பக்கமும் சிதறியது. கூட்டினார், உதிர்ந்தது. அமுக்கினார், பிளந்தது.

"சீ! பிடிமானமே இல்லாத மாவு!"

"அதை ஏன் அடிக்கிறீங்க?" என்றாள் பெர்சிஸ். "சேத்து வைங்க, போதும்."

சேர்த்து வைத்தார்.

"மூடிட்டு வெளிய போங்க. கொஞ்ச நேரம் ஊறட்டும்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

"அம்மாகூட உக்காந்திருங்க."

போய் உட்கார்ந்தார். பகல் வெளிச்சத்தில் சலேத்துக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று! என்ன பேசுவதென்றே தெரியவில்லை. "குளிருதா?" என்றார். "இல்ல" என்றாள். பல்லோ கிட்டிப்போய்க் கிடந்தது. தன் துண்டையும் எடுத்து அவள் காலைச் சுற்றினார்.

உள்ளே கூப்பிட்டாள் பெர்சிஸ். மாவை இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து, வழுவழுப்பான கட்டையால் தட்டையாக்கினாள். குளிரவைத்தாள். பிறகு தன் பூக்கட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதில் மல்லிகை இல்லை. மலைச்சரிவில் முளைக்கிற பெரணி இலை செதுக்கியிருந்தது.

"ஒரே உருட்டு. போனா திரும்பி வரக் கூடாது."

உருட்டினார்.

குனிந்து பார்த்தார். ஆத்தாடி! இலை விழுந்திருந்தது. இலைக்குள் நரம்பு, நரம்புக்குள் நரம்பு, ஓரத்துச் சுருள்கூட விழுந்திருந்தது. காற்று பட்டால் ஆடிவிடும் என்று தோன்றியது.

ஆசீர்வாதம் காத்திருந்தார். இப்போது சுருங்கும் பார். மைதாவில் பூப் போட்டால் கொஞ்ச நேரத்தில் மாவு பின்னால் இழுக்கும். இதழ் தடிக்கும். கொடி குறுகும். அடுப்பில் வைத்தால் பாதி அழியும். ஆயுசு முழுக்க அதோடு மல்லுக்கட்டியவர் அவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இலை அசையவில்லை. சுட்டு எடுத்தாள். அப்போதும் அப்படியே இருந்தது, ஒரு நரம்பும் குறையாமல்.

அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"இது ஏன் தாயி பின்னால இழுக்கல?"

"இழுக்க இதுகிட்ட என்ன இருக்கு?"

பிடிமானமே இல்லாத மாவு என்று திட்டியது அவர் வாய்தான். அந்த வாயை மூடிக்கொண்டு, தட்டில் இருந்த இலைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் முட்டியது. வெட்கப்படவில்லை.

ஆனால் ஆசை யாரை விட்டது? இந்த மாவில் என் மல்லிகை விழுந்தால் எப்படி இருக்கும்! அது வெறும் பூவா? கல்யாணமான புதிதில் சலேத் தன் விரலால் மாவில் வரைந்து காட்டிய பூ. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தச்சர் செதுக்கினார். அவளுக்கென்று சுடுகிற பிஸ்கட்டில் அந்தப் பூ இல்லாமலா?

வெளியே ஓடினார். கட்டையை எடுத்தார். வெந்நீர் அடுப்பில் கொதிக்கக் கொதிக்க ஊறவைத்தார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். நார் போட்டுத் தேய்த்தார். வெயிலில் காயவைத்தார். கட்டை புதுசாகச் செதுக்கியது போல வெளுத்துவிட்டது. வாசற்படிக்குக் கொண்டு போனார்.

"பாருங்க தாயி. பளிச்சுன்னு ஆயிட்டு. உள்ள கொண்டு வரட்டுமா?"

பெர்சிஸ் உள்ளே போய் ஓர் ஊசியை எடுத்து வந்து கொடுத்தாள்.

ஆசீர்வாதத்துக்குப் புரியவில்லை. ஊசியைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். ஓர் இதழின் இடுக்கில் ஊசி முனையை விட்டு நெம்பினார். பழுப்பாக ஏதோ நூல் போல வந்தது. விரலில் தேய்த்தார். மோந்து பார்த்தார்.

மைதா.

அடுத்த பூவில் குத்தினார். அங்கேயும் வந்தது. அதற்கடுத்த பூவிலும் வந்தது.

"பூவுக்குள்ளயா இருந்துது?" அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அட கர்த்தாவே! வாராவாரம் நானே அவ கையில வச்சுக் குடுத்திருக்கேனே!"

சலேத் காதில் விழக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவளோ அடுப்பில் சுள்ளி தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் பார்க்காமலே இருந்தாள். காது கேளாதவள் ஒன்றும் இல்லை.

பிறகு வெறி பிடித்தவர் போல உட்கார்ந்து குத்தினார். ஒரு பூ விடவில்லை, ஒரு கொடி விடவில்லை. மறுபடி கொதிக்கவைத்தார். மறுநாளும் குத்தினார். ஊசி கடைசியில் வெறுமனே வந்தது. எங்கே குத்தினாலும் வெறுமனே வந்தது. வெயிலில் நன்றாக உலர்த்தி எடுத்துக்கொண்டு போனார்.

"தாயி, இப்போ சுத்தம். நீங்களே குத்திப் பாருங்க. ஒண்ணும் வராது. உள்ள கொண்டு வரட்டுமா?"

பெர்சிஸ் கட்டையைப் பார்க்கவில்லை. முற்றத்தைப் பார்த்தாள்.

"அம்மா, இந்தக் கட்டையில பூப் போட்டுக் கொடுத்தா சாப்பிடுவீங்களா?"

"நல்ல கேள்வி!" என்று சிரித்தாள் சலேத். "அவங்க குடுத்து எதை நான் வேண்டாம்னிருக்கேன்?"

"வலிச்சா?"

சலேத் கம்பளியைச் சரிசெய்தாள்.

"வலிச்சா வலிச்சுட்டுப் போகுது. அவங்க மொகத்தப் பாத்தியல்லா, சின்னப்பிள்ள மாதிரி நிக்கிறத?"

பெர்சிஸ் உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆசீர்வாதம் மூடிய கதவுக்கு முன்னால் நின்றார். தட்டலாமா என்று கையைத் தூக்கினார். தட்டி என்ன கேட்பது? கேட்க வேண்டியதை அவள் கேட்டாயிற்று, சலேத்தும் சொல்லியாயிற்று. கையிலிருந்த கட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு தூசி தெரியவில்லை. ஊசிக்கும் ஒன்றும் தெரியவில்லை.

முற்றத்துக்கு நடந்தார். வெந்நீர் அடுப்பின் முன்னால் குந்தினார். கட்டையை நெருப்புக்குள் நுழைத்துவிட்டார்.

"ஐயோ! என்ன காரியம் செய்தீக!" சலேத் பாய்ந்து வந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எம்பூவுல்லா அது! எடுங்க, எடுங்கன்னா!"

அவர் எடுக்கவில்லை. அவள் கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டார்.

மரம் உடனே பற்றவில்லை. கறுத்தது. அப்போது ஓர் இதழின் ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு வெளிச்சம் வந்தது. பக்கத்து இதழுக்குத் தாவியது. அந்தப் பூ முழுக்கச் சிவந்தது. அங்கிருந்து கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடியது. மொட்டு, இலை, பூ, அடுத்த பூ. கறுத்த கட்டையின் மேல் மல்லிகைப் பந்தல் முழுவதும் நெருப்பில் பூத்து நின்றது. மரம் இன்னும் பற்றவில்லை. எரிந்ததெல்லாம் பூவின் குழிக்குள் கிடந்ததுதான். வெண்ணெய் ஊறிய மாவு, ஊசி எட்டாத ஆழத்திலெல்லாம் இருந்திருக்கிறது.

முற்றம் முழுக்க மைதா வறுபடும் வாசனை எழுந்தது.

ஆசீர்வாதத்தின் கைகள் அவளுடைய கையோடு சேர்ந்து தானாகவே கும்பிட்டிருந்தன. சலேத்தின் வாய் திறந்தபடி இருந்தது. ஒவ்வொரு பூவாக அவள் பார்வை போய் வந்தது. பிறகு மெதுவாகத் தன் வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

மரம் பற்றியது. பூவெல்லாம் ஒரே தீயாகிவிட்டது.

கதவு திறந்தது. பெர்சிஸ் ஒரு தட்டைக் கொண்டு வந்து படியில் வைத்தாள். முதல் நாள் ஆசீர்வாதம் உருட்டிய பிஸ்கட், பெரணி இலை போட்டது. அவர் எழுந்து போனார். கையைக் கழுவினார், நகத்துக்குள்ளேயும். யாரும் சொல்லவில்லை. ஒரு பிஸ்கட்டை எடுத்து வந்து சலேத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் வாய்க்குக் கொண்டு போனாள். பாதியில் நிறுத்தினாள். பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க" என்றாள். "இதைத் தின்னா எனக்கு வலிக்காதுல்லா?"

கேட்டுவிட்டாளே! கடைசியில் கேட்டுவிட்டாளே!

"வலிக்காது, சலேத்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அதற்குப் பிறகுதான் கடித்தாள்.