குறுக்கு வழியில் வந்தவள்

பொறியியல் கல்லூரிக் கதைகளில் முதல் மதிப்பெண்காரர்கள் வருவார்கள், கடைசி பெஞ்சுக் குறும்புக்காரர்களும் வருவார்கள். பாலிடெக்னிக் முடித்து நேரே இரண்டாம் ஆண்டில் சேரும் பெண்ணை எவரும் கதையில் சேர்ப்பதில்லை. வள்ளியூர் இசக்கி அப்படிச் சேர்ந்தவள். விட்டுப்போன முதலாண்டு நுண்கணிதத்தை இளையவர்களோடு உட்கார்ந்து படித்தாள். "குறுக்கு வழியில வந்தவங்களுக்கு இது ஏறாது" என்பது பேராசிரியர் வைத்தீசுவரனின் அன்றாட மந்திரம்.

ஒருநாள் அவர், எக்ஸ், ஒய் இரண்டின் பெருக்கற்பலனை அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்கும் சார்பு ஒன்றைப் பலகையில் எழுதினார். இரண்டும் பூச்சியத்தை நெருங்கும்போது விடை எதை நெருங்கும், அதாவது அதன் 'எல்லை' என்ன என்பதே கேள்வி.

"எக்ஸ் அச்சு வழியா வந்தேன், பூச்சியம். ஒய் அச்சு வழியாவும் பூச்சியம். ஆக, எல்லை பூச்சியம்."

இசக்கி எழுந்தாள். "ரெண்டு வழி போதுமா சார்?"

"போதாதுன்னு நிரூபிச்சா பரீட்சை எழுது. இல்லேன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவள் பலகைக்குப் போய் இரு அச்சுகளுக்கும் நடுவே ஒரு சாய்கோடு இழுத்தாள். அதன்மேல் எக்ஸும் ஒய்யும் சமம். எவ்வளவு சிறிதாக்கினாலும் விடை அரைதான்.

"நீங்க ராஜபாட்டையில வந்தீங்க சார், பூச்சியம் கெடச்சுது. நான் குறுக்கு வழியில வந்தேன், அரை கெடச்சுது. வழிக்கு ஒரு விடை வந்தா எல்லையே கெடையாதுன்னு போன வாரம் நீங்கதான் சொன்னீங்க."

வகுப்பு சிரித்தது. வைத்தீசுவரன் தாம் எழுதிய பூச்சியத்தைத் தம் கையாலேயே அழித்தார். அவளது தேர்வு அனுமதிச் சீட்டிலும் கையெழுத்திட்டார்.

இசக்கி அந்தத் தாளில் தொண்ணூற்றாறு வாங்கினாள். இன்று காற்றாலை இறக்கைகளை வடிவமைக்கிறாள். பன்னிரண்டு பொறியாளர்கள் அவளுக்குக் கீழே வேலை செய்கிறார்கள்.