தானாக உயர்ந்த கை

பஞ்சாலைச் சங்கத்தில் தொண்டை கிழியக் கோஷம் போட்டே மந்திரியானவர் தங்கப்பழம். அந்த மனுஷனே முதலாளியோடு காரில் வந்து இறங்கினால், ஆலை வாசலில் நின்ற சனம் திகைக்காதா? முதலாளி வேலையை விட்டுத் தூக்கிய தொழிலாளி இசக்கியம்மாளுக்காக அத்தனை பேரும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள்.

முன்னால் நின்ற துப்புரவுக்காரி செண்பகவல்லியிடம் மந்திரி மைக்கை நீட்டினார். "அஞ்சு நிமிஷத்துல எல்லாரையும் உள்ள அனுப்பு. இல்லேன்னா உன் வேலையும் போச்சு."

"சரிங்கய்யா" என்று வாங்கியவள், அவரே அந்நாளில் சங்கத்துக்குக் கட்டிக்கொடுத்த பழைய கோஷத்தை அதே ராகத்தில் எடுத்துவிட்டாள்: "ஒருத்தரை வெளியே தள்ளினாலும்..."

முப்பது வருஷப் பழக்கம் விடுமா? மந்திரியின் முஷ்டி தானாக மேலே போக, வாயும் பதில் வரியை முழங்கியது.

"ஒருத்தரும் உள்ளே போகமாட்டோம்!"

முதலாளி முகம் வெளிறிப்போனார். மந்திரியோ தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் நின்றார்.

"மந்திரியே சொல்லிட்டாரு. எல்லாரும் உக்காருங்க!" என்றாள் செண்பகவல்லி.