விறகுக்குத் தண்ணீர் ஊற்றிய சடையன்

காரையாற்றுக் காட்டில் சடையன் என்ற கரடி விறகுக்கடை வைத்திருந்தான். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு தராசு, அஞ்சு எடைக்கல், ஒரு கோடாலி. அவ்வளவுதான்!

வாடிக்கையும் ஒரே ஒருத்திதான். பூவாத்தா என்ற முயல். குளத்தங்கரையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவித்து விற்பவள். ஐந்து கல் எடை விறகுக்கு ஒரு கல் எடை அவித்த கிழங்கு என்று இருவருக்கும் பேச்சு. சடையனின் மூன்று குட்டிகளும் அந்தக் கிழங்கைத்தான் நம்பியிருந்தன.

ஒரு நாள் சடையன், வெயிலில் காய்ந்த விறகை எடை போட்டான். வெட்டிய அன்று இருந்த எடை இல்லை! அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, எவனோ திருடிட்டான்!"

மரத்தில் இருந்த அணில் எட்டிப் பார்த்தது. "கட்டையை எண்ணிப் பாருங்கண்ணே!"

எண்ணினான். ஒன்றும் குறையவில்லை.

"அப்போ எடை எங்கே போச்சு?"

"ஈரம் காய்ஞ்சிருச்சு. வெயில் குடிச்சிருக்கும்!"

"அடப்பாவி வெயிலே! என் பிள்ளைங்க சாப்பாட்டுலயா கை வைக்கிறே?"

அவ்வளவுதான். விறகை எல்லாம் நிழலுக்கு இழுத்தான். போதாதென்று பன்னிரண்டு குடம் தண்ணீரும் ஊற்றினான். எடை ஏறியது. "என் மூளை யாருக்கு வரும்!" என்று தன் தலையைத் தானே தட்டிக்கொடுத்தான். அணில் சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து விழப் பார்த்தது.

மறுநாள் பூவாத்தா, தான் வாங்கிப்போன அந்த ஈர விறகை அடுப்பில் வைத்து ஊதினாள், ஊதினாள், கன்னம் வீங்க ஊதினாள். புகைதான் வந்தது. கிழங்குக்குக் காத்திருந்த மானும் குரங்கும் இருமிக்கொண்டே எழுந்து போய்விட்டன. பாவம், அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் சடையன் கூடையோடு வந்தான். "நேத்து நல்ல கனமான விறகு தந்தேன். கிழங்கு எங்கேம்மா?"

பூவாத்தா கிழங்கை எடை போட்டுக் கொடுத்தாள். சடையன் ஒன்றைக் கடித்தான். கடக்!

"என்னம்மா, வேகவே இல்லையே!"

"எடை சரியா இருக்காண்ணே?"

"எடை இருந்து என்ன செய்ய? பிள்ளைங்க எப்படித் தின்னும்?"

"வீட்டுல வேகவெச்சுக்கோங்க. விறகுதான் உங்ககிட்ட மலையாக் கிடக்கே!"

சடையன் வீட்டுக்குப் போய்த் தன் விறகையே அடுப்பில் வைத்தான். குகை முழுக்கப் புகை. குட்டிகள் மூன்றும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "பசிக்குதுப்பா!" என்று அழுதன.

விடிந்ததும் முதல் வேலையாக விறகை வெயிலில் பரப்பினான். பிறகு பூவாத்தாவிடம் போய்த் தலையைச் சொறிந்தான். "காயவெச்சா எடை குறையுதும்மா. எனக்குக் கட்டுப்படியாகணுமே?"

"இதை முதல்லயே கேட்டிருக்கலாமே! காய்ஞ்ச விறகுன்னா அடுப்புக்குப் பாதியே போதும். அதனால இனிமே அஞ்சு வேண்டாம், நாலு கல்லுக்கே ஒரு கல் கிழங்கு தர்றேன்!"

விறகு காயும்வரை சடையன் வீட்டில் தினமும் பச்சைக் கிழங்குதான். கடக், கடக்!

வாங்குகிறவர் வீட்டு அடுப்பு எரியாவிட்டால், விற்கிறவர் வீட்டு அடுப்பும் எரியாது.