பவுனுவின் முதுகு

மகுடபதிக்குக் குரு என்று ஒருவர் உண்டு. காவி கட்டியவர் அல்ல, கால்நடை மருத்துவர். பெயர் மரகதவல்லி. மகுடபதி வேலைக்குச் சேர்ந்த புதிதில், மிரளும் மாட்டுக்குப் பக்கத்தில் எப்படிப் போய் நிற்பது என்று காட்டிக் கொடுத்தவர் அந்த அம்மாள்தான். வயதில் கொஞ்சம்தான் மூத்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போய்விட்டார். இனி உதவாது என்று கைவிடப்பட்ட மட்டக்குதிரைகளை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகுடபதி இப்போது மாவட்ட விலங்கு நல அலுவலகத்தின் தலைமை அதிகாரி. அந்த மாவட்டத்தின் மலைக்கிராமங்கள் பலவற்றுக்கு இன்னும் சாலை இல்லை. அரிசி, சிமெண்ட், கேஸ் சிலிண்டர் எல்லாம் மட்டக்குதிரையின் முதுகில்தான் மேலே போகும். காப்பியும் மிளகும் அதே முதுகில் கீழே வரும். அளவுக்கு மேல் சுமை ஏற்றாமல், நோயோடு நடக்க வைக்காமல் அந்தக் குதிரைகளைக் காப்பது அவர் அலுவலகத்தின் வேலை.

அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. மழை பொய்த்துப் பொய்த்து அப்பாவின் தோட்டம் கட்டாந்தரையானதை அருகில் இருந்து பார்த்தவர். பூமி சூடாகிறது என்று யாராவது சொன்னால் மற்றவர்களுக்கு அது செய்தி. அவருக்கு வீட்டுத் துக்கம். அதனால் அலுவலகக் கூரையில் சோலார் தகடுகள் வைத்தார். பிளாஸ்டிக் பாட்டில்களை ஒழித்தார். காகிதச் செலவைக் குறைத்தார். கடைசியில் ஜீப்பை நிறுத்தினார். குதிரைகளை நேரில் பார்க்க மாதந்தோறும் மலையைச் சுற்றிச் சுற்றிப் போய்வந்த ஜீப் அது. இனிமேல் குதிரைக்காரர்களே குதிரையைப் படமெடுத்து போனில் அனுப்பினால் போதும், அலுவலகத்தில் பார்த்து, சுமை ஏற்றும் அனுமதியைப் புதுப்பித்துவிடலாம் என்று ஏற்பாடாயிற்று.

டீசல் செலவு மளமளவென்று குறைந்தது. சுற்றுச்சூழலைப் பேணும் முன்மாதிரி அலுவலகம் என்று மேலிடத்தில் பேசிக்கொண்டார்கள். ஒரு குழு நேரில் வந்து பார்க்கப்போகிறது என்று தகவல் வந்தது. மகுடபதிக்கு மனம் நிறைந்திருந்தது.

அந்த வாரத்தில்தான் பவுனு விழுந்தது.

பவுனு, வீரணன் என்பவரின் குதிரை. சிமெண்ட் மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு வளைவில் முன்னங்கால் மடங்கி, சரிவில் உருண்டுவிட்டது. ஆட்கள் இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போயிருந்தது.

மகுடபதி தாமே போனார். சேணத்தைக் கழற்றினார்கள். முதுகெலும்பை ஒட்டி ஆழமான ஒரு புண். ஓரிரு நாளில் வந்த புண் அல்ல அது. வீரணன் அனுப்பியிருந்த படங்களை அவர் நினைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் பவுனு தேய்த்துக் குளிப்பாட்டிய உடம்போடு, சேணம் பூட்டி, தலைநிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

வீரணன் குதிரையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"புண்ணு இருந்தது உங்களுக்குத் தெரியாதா?" என்று மகுடபதி கேட்டார்.

"தெரியுங்கய்யா. ஆபீசுக்குப் போன் போட்டேன். டாக்டரு ஒருவாட்டி வந்து பாத்தாத் தேவலைன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"இப்பல்லாம் வண்டி எடுக்கறதில்ல, போட்டோ அனுப்புங்கன்னாங்க. எப்பவும் போல எடுத்து அனுப்பினேன். சரின்னு பதில் வந்துச்சு." அவர் பவுனுவின் காதருகே மொய்த்த ஈயை விரட்டினார். "ஆபீசுலயே சரின்னுட்டாங்க, அப்ப பயப்பட ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

மகுடபதிக்குக் கோபப்பட ஆள் கிடைக்கவில்லை. படம் வந்ததும் தாமதிக்காமல் பதில் அனுப்பிவிட வேண்டும் என்று ஊழியர்களிடம் சொல்லிவைத்திருந்தவர் அவர்தான்.

மறுநாள் காலை அடிவாரத்துக்குப் பஸ் ஏறினார்.

மரகதவல்லி ஒரு கிழட்டுக் குதிரையின் குளம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். மகுடபதி பக்கத்தில் நின்றபடியே நடந்ததையெல்லாம் சொன்னார். அந்த அம்மாள் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

"நான் செஞ்சது தப்பா, டாக்டரம்மா?"

மரகதவல்லி குளம்பை மெதுவாகத் தரையில் இறக்கினார். வேலிக்கு அப்பால் நின்ற செம்பழுப்புக் குதிரையைக் காட்டினார்.

"அது எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

மகுடபதி பார்த்தார். ரோமம் மினுமினுத்தது. காது விறைப்பாக இருந்தது. நான்கு காலிலும் சமமாக நின்றது.

"நல்லா இருக்கு."

"கிட்டப் போங்க."

போனார். கழுத்தைத் தடவினார். தோளுக்கு வந்தார். அங்கிருந்து முதுகில் கையை நகர்த்தியபோது ஓரிடத்தில் தோல் வெடவெடவென்று நடுங்கியது. குதிரை ஒரு கணம் மூச்சை நிறுத்திக்கொண்டது. அவர் கையை எடுத்தார். குதிரை தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது.

"இப்ப எப்படி இருக்கு?" என்று மரகதவல்லி கேட்டார்.

மகுடபதி திரும்பி வந்து வேலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, உள்ளுக்குள் அடக்கிவைத்திருந்தது வெளியே வந்தது.

"சரி, ஜீப்பைத் திரும்ப எடுக்கறேன். அந்தப் புகை எங்க போகும்? இந்த மலைக்குத்தான். மழை இல்லாமப் போனா இந்தக் குதிரைங்களுக்குப் புல்லு ஏது? இதைப் பாத்தா அது போகுது, அதைப் பாத்தா இது போகுது. எதை விடச் சொல்றீங்க?"

"ஜீப்னு நான் வாயே திறக்கலையே" என்றார் மரகதவல்லி. மகுடபதியின் காலைக் குனிந்து பார்த்தார். "இந்தச் செருப்பு தாங்குமா?"

"எதுக்கு?"

"நடக்க."

அன்று சந்தை நாள். அடிவாரத்துச் சந்தையில் சாமான் ஏற்றிக்கொண்ட குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தன. இருவரும் அவற்றின் பின்னால் நடந்தார்கள். மகுடபதிக்கு மூச்சு வாங்கியது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. இந்தப் பாதையில் அவர் கால் வைத்ததே இல்லை. ஜீப் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு காப்பித் தோட்டங்களின் வாசல் வரைக்கும்தான் போகும்; பவுனுவைப் பார்க்கவும் அந்தப் பக்கமாகத்தான் இறங்கிப் போயிருந்தார்.

கொஞ்சம் சமதளமாக இருந்த ஓர் இடத்தில் மரகதவல்லி நின்றார். சுமைதாங்கி மேடு என்று அதற்குப் பெயர். தலைச்சுமையை இறக்கிவைக்க நிறுத்திய கல் ஒன்றும், ஊற்றுத் தண்ணீர் விழும் கல்தொட்டி ஒன்றும் அங்கே இருந்தன. அதற்கு மேல் பாதை ஒவ்வொரு கிராமத்துக்கும் தனித்தனியாகப் பிரிகிறது. எந்த ஊர்க் குதிரையானாலும் இங்கே சுமை இறக்கி, சேணம் கழற்றி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே போகும்.

மரகதவல்லி தொட்டி ஓரத்தில் நின்றுகொண்டார். சேணம் கழன்ற ஒவ்வொரு முதுகையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். குதிரைக்காரர்கள் அவரைக் கண்டு தலையசைத்தார்கள். சற்று நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மகுடபதி, சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டியின் மறுபக்கம் போய் நின்றார்.

நாலைந்து குதிரைகள் போயிருக்கும். அப்போது வீரணன் வந்தார். அவருக்கு முன்னால் குதிரை இல்லை. தலையில் அரிசி மூட்டை இருந்தது. கல்லின் மேல் அதைச் சாய்த்து இறக்கிவிட்டு நிமிர்ந்தவர், மகுடபதியைப் பார்த்ததும் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஐயாவே நடந்து வந்தீங்களா?"

அவரைப் பார்த்தால் என்ன பேசுவது என்று மகுடபதி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

"பவுனுவை நான் வந்து பாத்திருக்கணும், வீரணன்."

வீரணன் தொட்டித் தண்ணீரை அள்ளி முகம் கழுவினார். முகத்தைத் துண்டால் துடைத்தார்.

"என் மச்சினன் குதிரை பின்னாடி வருதுங்க. கொஞ்ச நாளா சேணம் வெச்சாத் தலையத் திருப்புது. அதப் பாருங்க."

அது வந்தது. சின்னக் குதிரை, சாம்பல் நிறம். சேணத்தை இறக்கினார்கள். பார்வைக்கு ஒன்றும் இல்லை. மகுடபதி கண்ணை மூடிக்கொண்டு விரல்களை நகர்த்தினார். ஓரிடத்தில் சூடு தட்டியது. அதற்குக் கீழே சிறிய வீக்கம். குதிரை தோலைச் சிலிர்த்துக்கொண்டது. இந்தத் தடவை அவர் கையை எடுக்கவில்லை. அங்கேயே லேசாக வைத்திருந்தார், அது அடங்கும்வரை.

"இன்னும் உடையலை" என்றார். "வீக்கம் வடியற வரைக்கும் சுமை ஏத்தாதீங்க. சேணத்துக்கு அடியில இந்த இடத்துல அழுத்தாத மாதிரி மெத்தை தைக்கணும். நான் சொல்லித் தர்றேன்."

மச்சினன் கீழே கிடந்த சாமான்களைப் பார்த்தார். "அப்ப இதெல்லாம் யாரு தூக்குறது?"

வீரணன் போய் ஒரு மூட்டையின் கட்டை அவிழ்த்தார். தண்ணீர் குடிக்க நின்றிருந்த மற்றவர்களும் வந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்து, சாமான் நகரத் தொடங்கியது. சாம்பல் குதிரை வெறும் முதுகோடு மேலே நடந்தது. மகுடபதி அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. கூட்டம் குறைந்தது. அவர் தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"சந்தை நாள்ல இங்க வந்து உக்காந்தா எல்லாக் குதிரையும் நம்ம கைக்கு வந்துடும்."

"வரும்" என்றார் மரகதவல்லி.

"அடிவாரம் வரைக்கும் பஸ் இருக்கு."

"இருக்கு."

"ஆபீஸ்ல இருக்கற டாக்டர்ங்க, இன்ஸ்பெக்டருங்க எல்லாரையுமே கூட்டிட்டு வந்துடலாம்."

மரகதவல்லி கடைசியாக வந்த குதிரையின் சேணம் கழல்வதற்காகக் காத்திருந்தார்.

மகுடபதியின் போன் அடித்தது. அலுவலகத்திலிருந்து பேசினார்கள். பாராட்ட வரும் குழு அடுத்த சந்தை நாளன்று வருகிறதாம். அன்றைக்கு எல்லோரும் அவரவர் இருக்கையில் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிடலாமா என்று கேட்டார்கள்.

மகுடபதி போனைக் கையால் மூடிக்கொண்டார்.

"டாக்டரம்மா, எல்லாரும் இங்க வந்துட்டா, அவங்க வரும்போது அங்க எதைக் காட்டறது?"

சேணம் கழன்றது. மரகதவல்லி குதிரையின் முதுகில் கையை வைத்தார். அதை எடுக்காமலே சொன்னார்:

"ஆள் இல்லாத ரூம்ல ஃபேன் சுத்தாது. அதைக் காட்டச் சொல்லுங்க."