வெள்ளத்தாயி வீட்டுக் கங்கு

"எந்தக் கூரையில புகை வருதோ அந்தக் கூரைக்கு வரி!"ன்னு தண்டோரா போட்டப்ப, கொம்பையா குடிச்சுக்கிட்டிருந்த கூழைக் கீழ வச்சுட்டாரு. ஒரு மலை, மலை மேல ஒரு ராசா, அந்த ராசாவோட குதிரைக்கு ஆயுசு முழுக்கப் புல்லறுத்துப் போட்டவருதான் இந்தக் கொம்பையா. வயசாகி ஓஞ்சதும் அரமனையில மாசாமாசம் கொஞ்சம் கேப்பை அளப்பாங்க, அதுலதான் அவருக்கும் பொண்டாட்டி வெள்ளத்தாயிக்கும் கஞ்சி. வெள்ளத்தாயிக்கு நெஞ்சுச் சளி. அடுப்போரமாப் படுத்தாத்தான் மூச்சே வரும். உங்க வீட்டுலயும் யாராச்சும் அப்படி இருமுறாங்களா? அப்ப நல்லாக் கேளுங்க.

வரி போட்டவன் மந்திரி. கேப்பையில பாதிய வரிக்கே அளந்து குடுத்துட்டு மீதிய ரெண்டு பேரும் குடிச்சாங்க. அப்புறம் பக்கத்து வீட்டு மாராயி வந்தா. அவளும் அரமனையில பாத்திரம் வெளக்கி ஓஞ்சவ, அந்தத் தெருவே அப்படித்தான்.

"அண்ணே, எதுக்குத் தனித்தனியாப் புகையணும்? நாங்க அடுப்பை அணைச்சுட்டு உங்க வீட்டுக்கே வந்துடுறோம். ஒரு புகை, ஒரு வரி, பங்கு போட்டுக்குவோம்!"

வெள்ளத்தாயி சிரிச்சா. "வாங்கடி! உன் புருசன் ராச்சாமி மட்டும் அந்தக் கோடியில படுக்கட்டும். அவரு கொறட்டைக்கும் வரி வந்துரும்."

மந்திரிக்குப் பொறுக்குமா? "ஒரே புகையில தெருவே குளிர் காயுதா? தலைக்குத் தலை வரி!"ன்னான். அதைக் கட்ட வழியில்ல, உடனே ஆளை விட்டு விறகை உருவிட்டான். கொம்பையா அவன் கால்ல விழுந்தாரு.

"சாமி, அவளுக்கு மட்டும் ஒரே ஒரு கட்டை..."

"கட்டையில போற வயசுல கட்டை எதுக்குய்யா?"

வெளிய அடைமழை, உள்ள சாம்பலுக்கு அடியில கொஞ்சம் கங்குதான் மிச்சம். அதுல சூடு எங்க ஏறும்? வெடியுறதுக்குள்ள வெள்ளத்தாயி வெறைச்சுப் போயிட்டா. வீட்டு அடுப்பு நெருப்புலதானே கொள்ளி வைக்கணும்? கொம்பையா அந்தக் கங்கு மொத்தத்தையும் சட்டியில அள்ளிக்கிட்டு, மழையில நனையாம குனிஞ்சு குனிஞ்சு சுடுகாட்டுக் கொட்டகையில வெட்டியான் அடுக்கி வச்ச வரட்டிக்குக் கொண்டுபோனாரு.

இங்கதான் மாட்டுனான் மந்திரி! அந்த ஊருல சனங்க காலையில அடுப்பை அணைச்சுட்டுக் காட்டுக்குப் போயிருவாங்க. பகல்ல நெருப்பைக் காப்பாத்துறது இந்தத் தெருவுல வீட்டோட கிடக்குற வயசானவங்கதான். பொழுது சாஞ்சா ஆளாளுக்கு ஓட்டாஞ்சில்லோட வந்து அவங்ககிட்டக் கங்கு வாங்குவாங்க. அரமனைச் சமையக்காரனும் அப்படித்தான். மந்திரிக்கு அது எங்க தெரியும், அவன் என்னைக்கு அடுப்பு ஊதினான்?

அன்னைக்கு ஊரே வந்து நின்னுச்சு. தெருவுக்கே இருந்த ஒரே அடுப்பும் அணைஞ்சு கெடந்துச்சு, கங்கு இல்ல. சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டுனாங்க, தட்டுனாங்க, தட்டுனாங்க, அடைமழை ஈரத்துல பஞ்சு பத்தல. ராசாவுக்குச் சோறு இல்ல. மந்திரி கொம்பையா வாசலுக்கு ஓடியாந்தான்.

"பெரியவரே, ஒரே ஒரு கங்கு!"

"சுடுகாட்டுல இருக்கு சாமி. என் பொண்டாட்டி மேல எரியுது. போய் எடுத்துக்கங்க."

சேதி ராசா காதுக்குப் போச்சு. "பொணம் எரியுற நெருப்புல எனக்குச் சோறா? அடுத்த மலைக்கு நீயே போய்க் கங்கு கொண்டாடா! கங்கு இல்லாம ஊருக்குள்ள காலை வைக்காதே!"

மந்திரி போனான். மொதச் சட்டி மலையேறுறப்ப அணைஞ்சுச்சு, திரும்பிப் போனான். ரெண்டாஞ் சட்டி ஆத்துல அணைஞ்சுச்சு, திரும்பிப் போனான். மூணாஞ் சட்டி ஊரு எல்லைக்கே வந்து அணைஞ்சுச்சு. அங்கயே சட்டியக் கட்டிப்புடிச்சுக்கிட்டு வெறைச்சுக் கெடந்தான். ஒருத்தரும் அழல.

மழை விட்டுச்சு, வெயில் வந்துச்சு, கல்லைத் தட்டுனதும் பஞ்சு பத்திக்கிச்சு. ராசா உத்தரவுல வயசானவங்க வீட்டு வாசல்லல்லாம் அரமனை வண்டி வந்து விறகை எறக்குச்சு. கொம்பையா அதைப் பார்த்தாரு. "இதுல ஒரு கட்டை, ஒரே ஒரு கட்டை அன்னைக்கு வந்திருந்தா..."ன்னாரு. வண்டிக்காரன் மாட்டை ஓட்டிக்கிட்டு அடுத்த வாசலுக்குப் போனான்.

வரி போச்சு, விறகு வந்துச்சு, வெள்ளத்தாயி வரல. கதை அம்புட்டுத்தான், காலை நல்லா மூடிப் படுங்க.