மன்னர் போட்ட எட்டு

நெல்லிமலை நாட்டின் குதிரைகளுக்கெல்லாம் ஓய்வு கொடுத்துவிட்டு, அமைச்சர் முதல் பால்காரர் வரை அனைவரும் ஸ்கூட்டருக்கு மாறிய காலம் அது. தலைநகரமோ மலையுச்சியில் இருந்தது. அடிவாரத்துக்கு இறங்கும் பாதையில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். முதல் மாதத்திலேயே பதினெட்டுப் பேருக்குக் கை முறிந்தது. கருவூலத் தலைவர் ஒரு பலாமரத்தின் உச்சியிலிருந்து மீட்கப்பட்டார்.

மன்னர் பராக்கிரம பூபதி உடனே சட்டம் இயற்றினார். தலைக்கவசம் அணிந்து, கால் தரையில் படாமல், திடலில் வரைந்த எட்டின்மேல் ஓட்டிக் காட்டியவருக்கே உரிமம். அப்படியும் தேர்வாளர்கள் முகதாட்சண்யம் பார்த்து உரிமங்களை வாரி வழங்கினார்கள். ஆகவே இன்னொரு சட்டமும் வந்தது. உரிமத்தில் கையெழுத்திடுபவர், அதைப் பெற்றவரின் முதல் மலைப்பயணத்தில் பின்னிருக்கையில் அமர்ந்து செல்ல வேண்டும். ஒரே நாளில் நாட்டின் தேர்வாளர்கள் அனைவரும் நேர்மையாளர்கள் ஆகிவிட்டார்கள்.

இத்தனை நல்ல சட்டங்களை இயற்றிய மன்னருக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது என்பதை அரண்மனை முழுவதும் அறிந்திருந்தது. அறியாதவர் அவர் ஒருவரே. வண்டியை நிறுத்துவதற்கு எதிரே நிற்கும் காவலர்கள் இருக்கும்போது பிரேக் எதற்கு என்பது அவருடைய கொள்கை.

"நானும் உரிமம் பெறப் போகிறேன்" என்று ஒருநாள் அவையில் அவர் அறிவித்தார்.

தளவாய் கடம்பவனம் துள்ளி எழுந்தார். அவருடைய வீரர்களில் பாதிப் பேரைத் தேறவில்லை என்று திருப்பி அனுப்பியவர் தலைமைத் தேர்வாளர் உலகம்மை. அந்தக் கோபம் தளவாய்க்கு இன்னும் தணியவில்லை.

"மகாராஜா, தங்களைச் சோதிக்க உலகம்மையாரை விட்டால் வேறு யாருக்குத் தகுதி இருக்கிறது?"

"அப்படியே ஆகட்டும். நாளைக் காலை தேர்வு" என்றார் மன்னர். "ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பராக்கிரம பூபதிக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று எவர் சொன்னாலும், மாலைக்குள் அவர் இந்த நாட்டின் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்."

கடம்பவனம் உலகம்மையின் பக்கம் குனிந்தார். "என்ன அம்மணி, எல்லைக்கு நடையா, அடிவாரத்துக்குப் பின்னிருக்கையா?"

"எதுவானாலும் தங்களைத் துணைக்கு அழைக்க மாட்டேன், தளவாயாரே."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, உலகம்மை இரண்டு வழிகளையும் மனத்துக்குள் எடைபோட்டுப் பார்த்தார். ஓட்டத் தெரியவில்லை என்றால் நாடு போய்விடும். தெரிகிறது என்றால் உயிர் போய்விடும். இரண்டாம் வளைவு வரை போய்ச் சேருவோம் என்ற நம்பிக்கைகூட அவருக்கு இல்லை.

மறுநாள் காலை திடலில் ஊரே திரண்டது. மன்னர் கிரீடத்துடன் வந்தார்.

"தலைக்கவசம், மன்னா."

"கிரீடமும் தலையைக் காப்பதுதானே?"

"அதற்கு மோவாயில் வார் இல்லையே."

மன்னர் கிரீடத்தின் மேலேயே தலைக்கவசத்தை வைத்துப் பார்த்தார். கோபுரக் கலசத்தின்மேல் பானையைக் கவிழ்த்தது போல் நின்றது. கூட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தது. கடைசியில் கிரீடம் வெள்ளித் தட்டுக்குப் போயிற்று. முகம் முழுவதையும் மூடும் கவசம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உலகம்மை தம் கையாலேயே மன்னருக்கு மாட்டி வாரை இறுக்கினார்.

வண்டி புறப்பட்டது. இடப்பக்க விளக்கு மின்ன, வலப்பக்கம் திரும்பியது. எட்டின் முதல் சுழியிலேயே ஏழு முறை கால் ஊன்றியது. இரண்டாம் சுழியை அது கண்டுகொள்ளவே இல்லை. நேராக மங்கல வாத்தியக் குழுவுக்குள் புகுந்து, தவிலைத் தள்ளிக்கொண்டு மறுபுறம் வெளிப்பட்டது. நாகஸ்வர வித்துவான் வாசிப்பை நிறுத்தாமலேயே மரம் ஏறினார். இறுதியில் வண்டி வைக்கோற்போரில் மோதி நின்றது.

"ஆஹா! இப்படியொரு எட்டை இதுவரை எவரும் போட்டதில்லை!" என்று கடம்பவனம் கைதட்டினார். "நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு உரிமம் கொடுப்பேன்!"

"மிக்க மகிழ்ச்சி." உலகம்மை உரிமத்தையும் பேனாவையும் நீட்டினார். "இந்த ஒரு தேர்வுக்கு என் அதிகாரத்தைத் தங்களுக்கே தருகிறேன். கையெழுத்திடுங்கள். பின்னிருக்கையைத் துடைத்து வைக்கச் சொல்கிறேன். இப்போதே மலை இறங்கிவிடலாம்."

தளவாய் பின்வாங்கினார். "எனக்கு... இடுப்பில் பிடிப்பு."

"எப்போதிலிருந்து?"

"இப்போதுதான்."

"கையெழுத்தை இடுப்பாலா போடுவார்கள்?"

"கையும் பிடித்துக்கொண்டது, அம்மணி!"

வைக்கோலுக்குள் இருந்த உருவம் இதையெல்லாம் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து, ஒற்றைச் செருப்புடன் நடந்து, திடலோரத்தில் மன்னருக்காகப் போட்டிருந்த கூடாரத்துக்குள் சென்றது. சற்று நேரத்தில் கிரீடம் அணிந்த மன்னர் வெளியே வந்து ஆசனத்தில் அமர்ந்தார். அங்கியின் கழுத்தில் வைக்கோல் இருந்தது. எடுத்துவிட எவருக்கும் துணிவில்லை.

"தேர்வாளரே, முடிவு என்ன?"

உலகம்மை வணங்கினார். "மகாராஜா, இன்று காலை ஒருவர் தேர்வுக்கு வந்தார். துணிவில் குறைவில்லாதவர். ஆனால் ஏழு முறை கால் ஊன்றினார். பிரேக்கை ஒருமுறையும் தொடவில்லை. மலைப்பாதையில் விட்டால் அவரும் மிஞ்ச மாட்டார், எதிரே வருபவரும் மிஞ்ச மாட்டார். அவரைப் புகழ்ந்த தளவாயே அவர் பின்னால் உட்கார அஞ்சுகிறார். என்ன செய்யட்டும்?"

மன்னர் தளவாயைப் பார்த்தார். பிடித்துக்கொண்ட கையாலேயே பிடித்துக்கொண்ட இடுப்பைத் தாங்கியபடி தளவாய் நின்றார்.

"அந்த ஆளுக்கு உரிமம் கிடையாது" என்றார் மன்னர். "இரண்டு மாதம் பயிற்சி கொடு. பயிற்சி முடியும்வரை அவன் பின்னால் தினமும் கடம்பவனம் உட்காரட்டும். இடுப்புக்கு நல்லது."

கூட்டம் ஆரவாரித்தது. மன்னர் உலகம்மையை அருகே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையைச் சொல். அந்த ஆள் யார் என்று உனக்குத் தெரியாதா?"

"தாங்கள் இயற்றிய சட்டப்படி தலைக்கவசம் அணிந்திருந்தார், மன்னா. முகம் தெரியவில்லை."